இரண்டு கப்பல், ஒரு குடும்பம்: அடக்க விலை போட்டுப் பார்ப்போம்



வருடத்தில் நாம் கடையை அடைக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மே 5 வணிகர் தினத்தன்று அடைத்தாலும் மாநாட்டுக்குப் போய்விடுகிறோம். குடும்பத்துக்கென்று நான்கு நாள் ஒதுக்குவது நம்மவர்களுக்குக் கல்யாணம் காட்சிக்கு மட்டுமே என்றாகிவிட்டது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பல கடைகளில் அடுத்த தலைமுறை கல்லாவில் உட்கார்ந்துவிட்டது. "அப்பா, அம்மாவை எங்காவது அழைத்துப் போங்கள்" என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்களிடம் டிராவல்ஸ்காரர்கள் முதலில் நீட்டுவது சொகுசுக் கப்பல் விளம்பரத்தைத்தான்.

அந்த விளம்பரங்கள் இரண்டை அருகருகே வைத்து, நாம் தினமும் செய்கிற கொள்முதல் கணக்கைக் கொண்டே எது நமக்கு ஏற்றது என்று கண்டுபிடிப்பது எப்படி? இதுவே இந்த மாதப் பாடம். உதாரணத்துக்கு என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். நானே முதலில் தவறாகக் கணக்குப் போட்டேன் என்பதால் பாடத்துக்கு அது பொருத்தமாக இருக்கும்.

கதை இதுதான்

நான் சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். என் மைத்துனர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொத்த வியாபாரம் செய்கிறார். என் தாயாருக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி மலாயா போனவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம் கரைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே நம் மக்களைச் சுமந்தது. "அப்பா ஏறிப்போன மாதிரி ஒரு தரம் கப்பல்ல ஏறிப் பார்க்கணும்பா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை. முழங்கால் இன்னும் எத்தனை வருடம் ஒத்துழைக்கும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தேன்.

கையில் இரண்டு விளம்பரங்கள் இருந்தன. ஒன்று சென்னையிலிருந்து கிளம்பும் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. மற்றொன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 'கெந்திங் டிரீம்'.

முதலில் இரண்டு சரக்கையும் பார்ப்போம்

எம்ப்ரஸ் 1990-இல் பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்ட கப்பல். 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் தொடங்கி, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல ஆண்டுகள் ஓடியது. 2021 செப்டம்பரில் கார்டிலியா மும்பையிலிருந்து இதை ஓட்டத் தொடங்கியது. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் இதன் பயணத்தைத் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பயணமும் தொடங்கியது.

கெந்திங் டிரீம் 2016-இல் ஜெர்மனியில் கட்டி முடிக்கப்பட்டது. 335 மீட்டர் நீளம். 2022 ஜூனில் சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்டு ரிசார்ட்ஸ் வேர்ல்டு பெயரில் ஓடத் தொடங்கி, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் போன்ற ஊர்களுக்குப் போய்வந்தது.

விளம்பரத்தில் எம்ப்ரஸ் 48,563 டன், கெந்திங் டிரீம் 1,50,695 டன் என்று இருக்கும். நாம் டன் என்றால் எடை என்று நினைப்போம். கப்பல் விஷயத்தில் இந்த 'கிராஸ் டன்' எடையே அல்ல. கப்பலின் உள்ளே அடைபட்டுள்ள மொத்த இடத்தின் அளவு அது. கிட்டங்கிக்குக் கன அடி சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் எம்ப்ரஸில் சுமார் 1,600 பேர். வகுத்தால் தலைக்கு 30. கெந்திங் டிரீமில் 3,352 பேர். வகுத்தால் தலைக்கு 45. அதாவது இரண்டாவது கப்பல் மூன்று மடங்கு பெரியது என்றாலும், நமக்குக் கிடைக்கும் இடம் ஒன்றரை மடங்குதான். நெரிசல் எங்கே குறைவு என்பதற்கு இது நல்ல அளவுகோல். ஆனால் பெரிய கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அறைக்கும் நடக்கிற தூரமும் அதிகம் என்பதை முழங்கால் வலிக்காரர்கள் மறக்கக் கூடாது.

என் தவறு

சென்னைக் கப்பலில் 2 இரவுக்குத் தலைக்கு 20,000 ரூபாய். சிங்கப்பூர்க் கப்பலில் 3 இரவுக்குத் தலைக்கு 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இவை பாடத்துக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். கம்பெனி விலைப்பட்டியல் அல்ல. தேதிக்குத் தேதி விலை மாறும்.) ஓர் இரவுக்கு முதலாவது 10,000, இரண்டாவது 9,000. பெரிய கப்பல், புதிய கப்பல், விலையும் குறைவு! உடனே முன்பணம் கட்டப் போனேன்.

மைத்துனர்தான் தடுத்தார். "மாமா, குண்டூர் மிளகாய் விலையை மட்டும் பார்த்தா நீங்க சரக்கு வாங்குவீங்க? லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் போட்டு நம்ம கடை வாசல்ல என்ன அடக்கம் ஆகுதுன்னுதானே பார்ப்பீங்க?" என்றார். முப்பது வருடம் கடை வைத்தவனுக்கு அவர் சொல்லித்தான் அது உறைத்தது. இருவரும் உட்கார்ந்து சிட்டையை எடுத்தோம்.

நான்கு பேருக்கு அடக்கக் கணக்கு

சென்னைக் கப்பல், 2 இரவு:
கப்பல் கட்டணம் 80,000
துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் அன்பளிப்பு 20,000
சிதம்பரம் சென்னை கார், போக வர 12,000
முன்னிரவு சென்னையில் தங்கல் 6,000
கைச்செலவு 8,000
ஆக மொத்தம் ரூ. 1,26,000

சிங்கப்பூர்க் கப்பல், 3 இரவு:
கப்பல் கட்டணம் 1,08,000
துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு 32,000
விமானம், போக வர 96,000
விசா, பயணக் காப்பீடு 20,000
சிங்கப்பூரில் ஓர் இரவு, இரண்டு அறை 24,000
திருச்சிக்குக் கார், அங்கே உள்ளூர் வண்டி 16,000
கைச்செலவு 16,000
ஆக மொத்தம் ரூ. 3,12,000

இதோடு நிற்கக் கூடாது. கடை மூடியிருக்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு நிகர லாபம் 5,000 என்றால், முதல் பயணத்துக்கு 3 நாள், 15,000. இரண்டாவதற்கு 6 நாள், 30,000. பார்த்துக்கொள்ளப் பிள்ளையோ நம்பிக்கையான ஆளோ இருந்தால் இந்த வரியை அடித்துவிடலாம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். சென்னைக் கப்பல்: 1,41,000 ரூபாயை 8 ஆல் (4 பேர், 2 இரவு) வகுத்தால் தலைக்கு ஓர் இரவு 17,625. சிங்கப்பூர்க் கப்பல்: 3,42,000 ரூபாயை 12 ஆல் வகுத்தால் 28,500. விளம்பரத்தில் ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரிந்த சரக்கு, வாசலுக்கு வந்தபோது 10,875 ரூபாய் கூடுதல்!

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. என் மைத்துனர் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வருடம் ஒரு முறை அவளைப் பார்க்க அவர் எப்படியும் போகிறவர். விமானச் செலவு ஏற்கெனவே பேரேட்டில் ஏறிவிட்டது. தங்கல் செலவும் இல்லை. அவருக்கு அந்தக் கப்பலின் அடக்கம் வேறு. ஒரே சரக்கு, ஒரே விலை, இரண்டு கடைக்கு இரண்டு அடக்கம். இது நாம் தினம் காண்பதுதானே?

விளம்பரம் சொல்லாதவை

1. அறை. நான்கு பேருக்கு ஓர் அறை என்று மலிவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது படுக்கை சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கை. ஏணியில் ஏற வேண்டும். பெரியவர்கள் உள்ள குடும்பம் இரண்டு அறையாகக் கணக்குப் போடுவதே சரி. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை ஏறும். பழைய கப்பலில் சாதாரண அறைகள் சிறியவை. புதிய கப்பலில் பால்கனி அறைகள் நிறைய. பகல் முழுவதும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு உள்ளறை போதும். அறையிலேயே அதிக நேரம் இருக்கக் கூடிய பெரியவர்களுக்குத்தான் ஜன்னல் தேவை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

2. ஆட்டம். குமட்டல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு. முனையிலும் மேல்தளத்திலும் அதிகம்.

3. பருவம். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும். நம் கரையோரம் அந்த அளவுக்கு இராது. எம்ப்ரஸ் ஜூனை ஒட்டி மும்பையிலிருந்து சென்னைப் பக்கம் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடலின் கோபத்தைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலை நாம் மறக்கவில்லை. சுமத்ரா தீவு அரணாக இருப்பதால் மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது.

4. கடைக்காலம். பள்ளி விடுமுறை மே மாதம். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து கப்பல் உண்டா என்று முதலில் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா வியாபாரம் சித்திரை, வைகாசியில்தான் சூடு. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்தின்போதும் ஆருத்ரா தரிசனத்தின்போதும் கடையை விட்டு யாரும் நகர முடியாது. மளிகைக்காரருக்கு ஆடி ஓய்வு. ஜவுளிக்காரருக்கு ஆடிதான் தள்ளுபடித் திருவிழா. உங்கள் பேரேட்டில் எந்த மாதம் மந்தம் என்று பார்த்துத் தேதி குறியுங்கள்.

5. இறங்குதுறை. எல்லா ஊரிலும் கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது. நம் கடலூர் முதுநகரில் பெரிய கப்பல் தூரத்தில் நிற்க, படகில் சரக்கு இறக்கிய கதை நமக்குத் தெரியும். 2025 ஜூலையில் எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு வந்தபோதும் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைப் படகில்தான் கரை சேர்த்தார்கள். ஆடுகிற படகில் காலை மாற்றி வைக்க முடியாதவர்கள், கரை தொடாமல் கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சக்கர நாற்காலி புகும் அறைகள் எந்தக் கப்பலிலும் சிலவே. முன்கூட்டியே கேட்டால்தான் உண்டு.

6. காகிதங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும். இலங்கைக்குப் பாஸ்போர்ட்டும் மின்னணு அனுமதியும் வேண்டும். சிங்கப்பூரில் கிளம்பி வேறு நாடு தொட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணத்துக்கு, மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசா தேவை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

7. சாப்பாடு. இரண்டு கப்பலிலும் சைவ உணவு உண்டு. ஜைன உணவும் கிடைக்கும். கட்டணத்தில் சேர்ந்த உணவகம் எது, தனிக்காசு வாங்குவது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மதுபானம், இணைய வசதி, ஊர் சுற்றல் ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. ஒன்றில் ரூபாய், மற்றதில் சிங்கப்பூர் டாலர். இரண்டிலும் சூதாட்டக் கூடம் உண்டு. 2022-இல் புதுச்சேரியில் இந்தக் கப்பலுக்கு எதிர்ப்பு எழுந்ததற்கு அதுவே காரணம். கல்லாக் காசை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

8. வரி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. இது செலவு அல்ல; உங்கள் பான் கணக்கில் வரவாகி, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கும், அவ்வளவுதான். குடும்பச் சுற்றுலா பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து உள்ளீட்டு வரி எடுக்க முயல வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு அது கிடையாது.

முன்பணம் கொடுக்கும் முன்

நாம் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுப்பதில்லை. கப்பல் கம்பெனிக்கும் அதுவே விதி. 2019-இல் மும்பையில் ஆரவாரமாகத் தொடங்கிய ஜலேஷ் நிறுவனம், கொரோனா அடியில் 2020-லேயே மூடிவிட்டது. அதன் 'கர்ணிகா' கப்பல் அலங் கடற்கரையில் உடைக்கப் போய்விட்டது. கெந்திங் டிரீமை முதலில் நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனமும் 2022 ஜனவரியில் கடன் தாளாமல் கலைப்புக்குப் போயிற்று. பிறகுதான் புதுப் பெயரில் கப்பல் வந்தது. பெரிய கப்பல் என்பதால் பெரிய முதல் என்று நினைக்க முடியாது. ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்ப வரும், கம்பெனியே ரத்து செய்தால் பணமாகத் தருமா, மறுபயணச் சீட்டாகத் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். துறைமுகம் மாறினால் நஷ்டஈடு இல்லை என்ற விதி பெரும்பாலான சீட்டில் இருக்கும்.

"பிள்ளைகளுக்கு இலவசம்" என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் பிள்ளைக்கும் உண்டு. இந்த இலவசம் நமக்குப் புதிதல்ல. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடி கொழும்பு மார்க்கத்தில் கப்பல் விட்டபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தது என்று வரலாறு சொல்கிறது. குடைக்கு ஆசைப்பட்டவர்கள் கடைசியில் எந்தக் கம்பெனியை இழந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொன்று, பாதுகாப்பு. நம் ஊர்ப் பெயரையே ஒத்த 'சிதம்பரம்' என்ற கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பயணிகள் சேவையும் அதோடு முடிந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா மூழ்கி 32 பேர் இறந்தபின், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கு அவசரப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதியாயிற்று. ஏறியவுடன் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் உயிர்காப்பு அங்கி எங்கே, கூடும் இடம் எது என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

எல்லாக் கணக்கும் போட்டு முடித்தபின் சிட்டையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கிராஸ் டன், டாலர், விசா எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏறும்போது படி இருக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டார். எட்டு வகையாக நான் பிரித்து எழுதியதில் அந்த ஒரு கேள்விதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே எனக்குச் சென்னைக் கப்பல்; இரண்டு இரவு, கரை தொடாத பயணம், ஆனித் திருமஞ்சனம் முடிந்த பிறகு. நடுப்பகுதியில், லிப்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் அறை அம்மாவுக்கும் என் மனைவிக்கும்; உள்ளறை எனக்கும் மகனுக்கும். சக்கர நாற்காலியில் ஏற்ற ஏற்பாடு உண்டா என்ற பதில் எழுத்தில் வந்ததும் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். மைத்துனருக்குச் சிங்கப்பூர்க் கப்பல். அவர் கணக்கும் சரி, என் கணக்கும் சரி.

கத்தரித்துக் கல்லாவில் வைத்துக்கொள்ள

டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டியவை:
1. துறைமுகக் கட்டணம், வரி, அன்பளிப்பு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு மொத்தம் எவ்வளவு?
2. அறை எண் என்ன? எந்தத் தளம்? மேல் படுக்கையா?
3. எந்த ஊரில் கரையோடு நிற்கும்? எந்த ஊரில் படகு?
4. சக்கர நாற்காலி, பத்திய உணவு உறுதி உண்டா?
5. எந்த விசா, யார் பொறுப்பு?
6. ரத்து விதி எழுத்தில் உண்டா?
7. காப்பீடு கடலில் ஏற்படும் மருத்துவச் செலவுக்கும் செல்லுமா?

இந்த ஏழுக்கும் பதில் வந்தபின் அடக்க விலை போடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால், கூட வரப்போகிற பெரியவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளரிடம் கேட்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லையே.